வேணி, ஜன்னலுக்கு வா

29-6-57, சனிக்கிழமை

வேணிக்கண்ணு,

ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். குளித்துவிட்டுச் சாப்பிடு. போகும்போது சாவியை மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிடு.

நீ சொன்னபடி, நீ வருவதற்கு முன்பே கிளம்புகிறேன். மகள் சாப்பிட வருகிறாள் என்று தாய் வீட்டைவிட்டுப் போனாள் என நான் கதை சொன்னால், என்னிடம் கதை கேட்க வருகிற பெண்கள் நம்பவே மாட்டார்கள். "போங்கக்கா, அளக்காதீங்க" என்பார்கள்.

உன் வார்டில் பாதி நர்சுகள் ஃபுளூவில் படுத்துவிட்டார்களாமே. உனக்கும் ஒட்டிவிடுமோ என்று எனக்குப் பயம். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிவிடும் என்று உனக்குப் பயம்.

போன வாரம் நீ கழற்றிப் போட்ட சேலையைக் கொதிக்க வைக்காமல், என் தலையணை உறைக்குள் வைத்துப் படுத்தது தப்புத்தான். அதைக் கண்டுபிடித்து, "இன்னொரு தடவ இப்படிப் பண்ணா வரவே மாட்டேன்மா" என்று எழுதி வைத்துவிட்டுப் போனாய். இப்போது எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிட்டேன். கட்டில்மேல் மடித்து வைத்திருக்கிறேன். உன் வாசனை துளிகூட இல்லை. திருப்திதானே?

மற்ற வாரங்களைப் போல இன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. எதிரே பூக்கடையில் நிற்பேன். கிட்டே வரமாட்டேன், சத்தியம். சாப்பிட்டதும் ஜன்னலுக்கு வந்து தலையைத் துவட்டு. நாலு வாரமாயிற்று, முகத்தைப் பார்த்து.

மறந்துவிட்டேன்: மழையில் ஜன்னல் கதவு இறுகிவிட்டது. இரண்டு கையாலும் தள்ளு. திறக்கவில்லை என்று போய்விடாதே.

அம்மா