உங்கள் காகிதத்தை நீங்களே படித்த ஞாயிறு

அக்கா,

நம் வகுப்பு நடந்த புயல் பாதுகாப்பு மையத்துப் பீரோவில் கரையான் ஏறிவிட்டதென்று நேற்று நோட்டுகளை எல்லாம் வாரி வெளியே போட்டோம். உங்கள் நாலு கோடு நோட்டைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பெயரைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சென்னாக்குனிக் கருவாட்டு வாசம்! நீங்கள் போய் மூன்று வருஷமாகியும் அது போகவில்லை. பிரித்தால் இரண்டு பக்கத்துக்கு நடுவில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மீன் ஆய்ந்த கையைச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து எழுத உட்கார்ந்த ஏதோ ஒரு ஞாயிறாக இருக்கும். நான் அங்கேயே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மருந்தடிக்க வந்தவர் "எழுந்திரும்மா, எழுந்திரும்மா" என்று மூன்று தடவை கத்தினார். நான்காவது தடவைதான் காதில் விழுந்தது.

உங்களுக்குக் கடிதம் எழுதுவதென்றால் இங்கிலீஷில் எழுதியிருக்க வேண்டும். "தமிழ்ல எழுதறதுக்கு நீ எதுக்கு டீச்சரு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை. எனக்கு இது தமிழில்தான் வரும்.

முதல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? பொன்னேரி கம்ப்யூட்டர் சென்டரில் வாரம் ஆறு நாள் கத்திவிட்டு, ஏழாவது நாளும் சும்மா இருக்க முடியாமல் பஸ் பிடித்து கோட்டைக்குப்பத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். சம்பளமில்லாத வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் மீன் விற்றுவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். நான் பலகையில் ஆப்பிள் படம் போட்டேன். அதுவும் நன்றாகவே போட்டேன். நீங்கள் பின்வரிசையிலிருந்து, "இன்னா டீச்சரு, ஆப்பிள் நாங்க விக்கறதில்லயே. ஐஸ் பொட்டி மேல எழுதிகீது, மருந்து சீட்டுல எழுதிகீது, ஆஸ்பத்திரி கதவுல எழுதிகீது. அத்த படிக்கக் கத்துக்குடு" என்றீர்கள். ஆப்பிளை அழித்தேன். அதற்குப் பிறகு வகுப்பை நான் நடத்தியதாக வெளியில் சொல்லிக்கொண்டேனே தவிர, நடத்தியது நீங்கள்தான்.

அடுத்து என் வாயை அடைத்தீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். யாராவது எழுத்துக் கூட்டித் திணறினால் என் நாக்கு நிற்காது. அவர்கள் பாதி சொல்வதற்குள் மீதியை நான் சொல்லிவிடுவேன். நான் சொல்வதற்குள் பக்கத்தில் இருப்பவள் சொல்லிவிடுவாள். ஒருநாள் ஐஸ் பெட்டி மேலிருந்த எழுத்தை நீங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோது நானும் அப்படித்தான் முந்திக்கொண்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"எங்க ஏரியில எறா வுழற எடத்துக்கு மொற கீது, தெரியுமா உனக்கு? சீட்டு குலுக்கிப் போடுவாங்க. இன்னிக்கு இவன், நாளைக்கு அவன். இவன் மொறையில அவன் வலை கட்ட முடியாது. வலையில ஒண்ணுமே வுழலன்னாகூட அது அவன் நாளு. எங்க வூட்டுக்காரரு ராத்திரி முழுக்க காலி வலையப் பாத்துக்கினு குந்தியிருப்பாரு, ஒருத்தன் பக்கத்துல வர மாட்டான். வந்தா ஊரு கேக்கும். நீ இன்னான்னா என் மொறையில வந்து உன் வலையப் போடற!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரமே நீங்கள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பன்னிரண்டு சீட்டு போட்டுக் கொண்டுவந்தீர்கள். யார் பெயர் வருகிறதோ அவர்கள் படிப்பார்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, டீச்சரும் சேர்த்து. முடியாவிட்டால் அவர்களே "சொல்லு" என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் இரண்டு வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் மூன்று மாதத்தில் பன்னிரண்டு பேரும் பஸ் போர்டு படித்தீர்கள். நீங்கள் ஒருபடி மேலே போய் கண்டக்டரிடமே, "போர்டுல ஒண்ணு எழுதிகீது, நீ ஒண்ணு கத்தற" என்று சண்டை போட்டதாகப் பேச்சு.

அப்புறம்தான் அந்தக் கட்டி.

மார்பில் இடது பக்கம் பட்டாணி அளவுக்கு என்னவோ தட்டுப்படுகிறது என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் மகன் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து நான் பஸ் விட்டு இறங்கும்போது அவர் பழவேற்காடு ஸ்டாண்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். "டீச்சர், அம்மாவுக்குக் கெட்ட கட்டின்றாங்க. அதுக்குத் தெரிய வேணாம். பயத்துலயே போயிடும். சாதா கட்டின்னு சொல்லிகீறோம். அது உங்களாண்ட பேப்பரத் தூக்கினு வரும். நீங்களும் அப்பிடியே சொல்லிடுங்க." கண் கலங்கி நின்றார். நான் தலையாட்டினேன். பாவம், அம்மா மேல் அவ்வளவு பிரியம். என் தப்பை அவர் தலையில் போடவில்லை அக்கா. தலையாட்டியது என் தலை.

அவர் சொன்ன மாதிரியே நீங்கள் வந்தீர்கள். இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, "என் சீட்டு வந்தா இன்னிக்கு இத்தான் படிக்கப் போறேன்" என்றீர்கள். சீட்டு வருவதற்கு முன்பே நான் அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பார்த்தேன். எல்லாம் இருந்தது. "இது டாக்டருங்களுக்கு எழுதினதுக்கா, எனக்கே புரியாது. சாதாரணக் கட்டிதான், பயப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காகிதத்தை மடித்து மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். அன்றைக்கு உங்கள் சீட்டு வந்தபோது பிஸ்கட் கவரைப் படித்தீர்கள்.

அடுத்த மூன்று வாரம் வகுப்பு அமர்க்களப்பட்டது. நண்டு விற்கிற அக்கா ஒரு துண்டுச் சீட்டில் ஒரு சொல்லை வரைந்துகொண்டு வந்து, "டீவில வந்துச்சு, இத்த எப்டிப் படிக்கறது, இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். இன்னொருத்தி மருந்துக் கடையில் பார்த்தேன் என்று ஒன்று. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொன்று. ஐஸ் கடைக்காரர் மனைவி ஒன்று. லெஃப்ட், கிரேடு, பாசிட்டிவ், டிஷ்யூ, இன்வேசிவ். நான் ஒவ்வொன்றையும் பலகையில் எழுதி, நீங்கள் சொல்லிக்கொடுத்த வழியிலேயே தலை, நடுக்கண்டம், வால் என்று மீனை வெட்டுகிற மாதிரி வெட்டி, கூட்டி, அர்த்தம் சொல்லி, எல்லாரையும் பத்து தடவை எழுத வைத்தேன். வகுப்பு எங்கேயோ போய்விட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. பொன்னேரி சென்டரில் கூடப் பீற்றிக்கொண்டேன். நீங்கள் மூலையில் உட்கார்ந்து அமைதியாக எழுதிக்கொண்டிருந்தீர்கள். அடி மக்கு, உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவது ஞாயிறு உங்கள் சீட்டு வந்தது. பன்னிரண்டு சீட்டிலும் உங்கள் பெயரையே எழுதிப் போட்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நீங்கள் எழுந்து நின்று இடுப்பிலிருந்து அதே காகிதத்தை எடுத்தீர்கள். "அக்கா..." என்று எழுந்தேன். "குந்து டீச்சரு. என் மொற" என்றீர்கள்.

படித்தீர்கள். உங்கள் பெயர், உங்கள் வயது. பிறகு லெஃப்ட். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, வெட்டி, கூட்டி, சேர்த்து. நடுவில் வந்த சின்னச் சின்னச் சொல்லெல்லாம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். பெரிய சொற்களை ஐந்து பேர் ஐந்து பொய் சொல்லி என்னிடமிருந்தே வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் அந்தக் காகிதத்தில் இருப்பது தெரியும். ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். முழுசாகக் கேட்பது அன்றுதான் முதல் தடவை. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆனால் ஒருத்தி, ஒரே ஒருத்தி கூட, எடுத்துக்கொடுக்கவில்லை. கடைசிச் சொல்லில் நின்றீர்கள். அதை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை, உங்களுக்கென்று வைத்திருந்தீர்கள் போல. கார். சி. நோ. மா. நான்கு முறை திரும்பிப் போனீர்கள். நானும் வாய் திறக்கவில்லை அக்கா. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் எனக்குத் தெரியாது. கடைசியில் அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"இத்தான் கேன்சரா?"

"ஆமாங்க்கா."

"இத்த சொல்ல உனக்கு நாலு வாரம்" என்றீர்கள். அவ்வளவுதான் திட்டு. காகிதத்தை மடித்துவிட்டு, "அடுத்த சீட்டு எட்றீ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னீர்கள். அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஷாம்பு பாக்கெட்டைப் படித்தாள். ஒரு மனுஷி தன் உடம்பின் சேதியைத் தானே போய்ப் பிடித்துக்கொண்டு வந்ததை நேரில் பார்த்தவள் நான்.

வகுப்பு முடிந்து மணலில் நடக்கும்போது கேட்டேன், தெரிந்து என்னக்கா ஆகப் போகிறது, நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்தான் அப்படிக் கேட்டேன். "எல்லாரும் என்னப் பாத்து பாத்து அழுவாங்க. நான் கேட்டா சிரிப்பாங்க. அதுல இன்னா நிம்மதி? வெட்டறதா வேணாமான்னு என்னக் கேக்கணும். நான் தெரிஞ்சிக்கினாத்தான கேப்பாங்க?" என்றீர்கள். பிறகு கருவாடு காயப்போட்டதை எடுக்கவேண்டும் என்று வேகமாகப் போய்விட்டீர்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு என்னையும் வரச் சொன்னீர்கள். "வா, ஆனா வாயத் தொறக்காத" என்ற நிபந்தனையோடு. நர்ஸ் சம்மதக் காகிதத்தை உங்கள் மகனிடம் நீட்டினார். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினீர்கள். "பையன் போடட்டும்மா, நேரமாவுது" என்றார் நர்ஸ். "வெட்டப் போறது அவனையா?" இரண்டு பக்கம், பொடி எழுத்து. நாற்பது நிமிஷம் படித்தீர்கள். தெரியாத சொல் வந்தபோது நர்ஸையே நிற்கவைத்து "சொல்லு" என்று கேட்டீர்கள். முதலில் முணுமுணுத்தவர், இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது உங்கள் விரலோடு சேர்ந்து குனிந்து தானும் படித்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷத்துல நானே இத முழுசாப் படிச்சதில்லம்மா" என்றார். உங்கள் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கப்புறம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

ஒன்றரை வருஷம் கூடை தூக்கினீர்கள், சண்டை போட்டீர்கள், ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். பிறகு அது திரும்பி வந்தது. உங்களுடைய கடைசி மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்தேன். வாசலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தீர்கள். உங்கள் மகன் புது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கவரைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். அவரும் கற்றுக்கொண்டுவிட்டார். நீங்கள் பிரித்தீர்கள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள், தள்ளி வைத்தீர்கள். எழுத்து நிற்கவில்லை. காகிதத்தை என் பக்கம் நீட்டினீர்கள்.

"வலைக்குப் போவ முடியலன்னா வூட்டாளு ஒருத்தர அனுப்புவாங்க இல்ல? இந்த மொறைக்கு நீ போ. ஒண்ணும் வுடாத."

நான் படித்தேன். எங்கெங்கே பரவியிருக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்தது. ஒவ்வொரு இடத்தையும் இங்கிலீஷில் படித்து, தமிழில் சொல்லி, அடுத்ததுக்குப் போனேன். ஈரலுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் குடி என்றுகூடச் சொல்லவில்லை. நானாகவே அதையும் சொன்னேன். கீழே டாக்டர் கையெழுத்து வரை போனேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"ஒண்ணும் வுடலயே?"

"வுடலக்கா."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். கையைத் தேடிப் பிடித்து என் புறங்கையில் இரண்டு தட்டு தட்டினீர்கள். "நல்லா படிச்ச" என்றீர்கள்.

நான் பட்டம் வாங்கியவள் அக்கா. கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டுவார். யாராவது என்னிடம் "என்ன படிச்சிருக்கே" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் என் புறங்கை ஒருமுறை சூடாகிறது.