தங்கக் குரலும் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியும்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா சுகம், தம்பி சுகம், சமையலறைக் குழாய் பழையபடி ஒழுகிக்கொண்டு அதுவும் சுகம். நான் மட்டும் முக்கால் சுகம், மீதிக் கால் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் நாளையிலிருந்தாவது அப்படி இரு. எப்போது கூப்பிட்டாலும் அம்மாவே எடுக்கிறாள், அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று தம்பியிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை கண்ணு, குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கொஞ்ச நாளைக்குப் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் உன் அம்மா முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். போனில் தட்டி அனுப்பலாம் என்றால் என் கட்டைவிரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து வீட்டு எழுத்தும் சேர்ந்து வருகிறது. அதனால் எழுதுகிறேன், தம்பி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவான். படிக்காமல் படம் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், ஆகவே முழுக்கப் படித்திருப்பான்.

குரல் போன கதைக்குக் காரணம் உன் கேள்விதான். அங்கே தனியார் ஒலிபரப்புப் பள்ளி ஒன்றில் ஒரு வருஷம் படிக்க ஆசையாக இருக்கிறது, அதற்கு வேலையை விட வேண்டும், சேர்த்துவைத்தது எல்லாம் கட்டணத்துக்கே போய்விடும், இது வீண்செலவா சொல்லுங்கப்பா என்று கேட்டாய். கூடவே இன்னொன்றும் சொன்னாய். தினமும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பெனி எழுதிக் கொடுத்த மன்னிப்பை முன்பின் தெரியாதவர்களிடம் என் குரலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்தக் குரலில் என் பேச்சை ஒருநாளாவது பேச வேண்டும் என்றாய். உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் அப்பன் என்கிற பந்தாவை விட முடியுமா, விசாரித்துச் சொல்கிறேன் என்று கனமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உள்ளுக்குள் பூரிப்பு. இந்த வீட்டில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டு ரொம்ப நாளாகிறது, டார்ச் எங்கே என்றுதான் கேட்பார்கள், அதுவும் நான் சொல்லும் இடத்தில் இருக்காது. ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, நம் கண்ணாடிக் கடை அலமாரியில் இருக்கும் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினால் பாடும், இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும் என்பது மட்டும். அந்த ஞானத்தோடு விசாரிக்கக் கிளம்பினேன்.

நம் ஊரிலும் அதே மாதிரி ஒரு பள்ளி இருக்கிறது, டயர் கடைக்கு மேல் மாடியில். அது எப்படி என்று பார்த்தால் உன்னுடையது எப்படி என்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. போன அன்று எனக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கு அடைத்துப் பேச்சு அடித்தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பள்ளி முதல்வர் என்று ஒருவர் ஹெட்போனைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்தார். மகளுக்காக விசாரிக்க வந்தேன் என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார், இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார், சொன்னேன். உடனே சாவியைக் கொண்டுவரச் சொல்லி ஸ்டூடியோவைத் திறந்து என்னை மைக் முன்னால் உட்காரவைத்தார். ஹெட்போனை மாட்டியதும் கண்ணாடியின் காலைக் காதோடு சேர்த்து நெரித்தது, அதனால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எதைப் பற்றியாவது ஒரு நிமிஷம் பேசுங்கள் என்றார். கடையில் நாள்பூராவும் உலக விவகாரம் பேசுகிறவனுக்கு அந்த மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வாய்க்கு வந்ததைப் பேசி முடித்தேன், அது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதல்வர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க?” என்றார். அடுத்த தெருவில்தான் இருந்தேன், மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டு, என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தங்கக் குரல் சார், லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வாய்க்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேசியதைப் பதிவு செய்து என் போனுக்கும் அனுப்பிவைத்தார். மகளுக்காகப் போனவன் என் பெயரில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, காற்றில் நடந்து படி இறங்கினேன், கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைத் தம்பி உனக்கு நடித்துக் காட்டுவான், அவன் காட்டுவதில் மிகை எதுவும் இருக்காது. கடைக்கு வந்தவர்களிடம் தூரப் பார்வையா, கிட்டப் பார்வையா என்பதைக்கூடத் தலைப்புச் செய்தி மாதிரிதான் கேட்டேன். ஒரு பெரியவர் காதையும் சோதிப்பீர்களா என்று கேட்டார். சாப்பிட உட்கார்ந்து உப்பு வேண்டும் என்று அடித்தொண்டையில் அறிவித்தேன், உப்புக்கு என்ன ஆச்சு, விபத்தா என்று கேட்டுக்கொண்டே உன் அம்மா எடுத்துக் கொடுத்தாள். இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாழாய்ப்போன ஜலதோஷம் குணமாகும் வரை. ஒருநாள் காலையில் எழுந்து பேசினால் என் பழைய கீச்சுக் குரல் திரும்பி வந்திருக்கிறது. லட்சத்தில் ஒருவன் ஒரே ராத்திரியில் தொலைந்துபோனான். யாருக்கும் தெரியாமல் பிரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணீரை எடுத்துக் குடித்தேன், மறுபடி ஜலதோஷம் பிடிக்குமா என்று பார்த்தேன், பிடிக்கவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் குடித்தேன். கழுத்தில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். மறுநாள் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை, குரலே இல்லை.

உன் அம்மா என்னைத் திட்டவில்லை. அவள் செய்தது வேறு. கடைக்கு எதிரே இருக்கிற பூட்டுக்கார மாமாவைக் கூப்பிட்டு, அண்ணே நீங்களும் அந்த மாடிக்கு ஒரு நடை போய் வாங்க என்று அனுப்பிவைத்தாள். அவர் குரல் உனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் கொஞ்சினாலே அழுவாய், எண்ணெய் காணாத இரும்புக் கேட்டைத் திறக்கிற மாதிரி இருக்கும். போனவர் அரைமணியில் திரும்பி வந்தார், நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. அன்றைக்கு முதல்வர் வெளியே போயிருந்தாராம், ஸ்டூடியோ சாவி அவரிடமாம், அதனால் ஆபீஸில் இருந்த ஒருவர் தன் போனிலேயே பதிவு செய்து முதல்வருக்கு அனுப்பினாராம். அங்கிருந்து உடனே பதில் வந்ததாம், தங்கக் குரல், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று. அடுத்த மாதம் சேர்ந்துவிடலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார் கண்ணு. உன் அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அசடு வழிந்துகொண்டு விண்ணப்பத்தைச் செய்தித்தாள் கட்டுக்கு அடியில் செருகிவைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் எல்லாம் ஏமாற்று, வேண்டாம் என்று உனக்கு ஒரு வரியில் எழுதிப்போட்டிருப்பேன். ஆனால் கண்ணாடியை வாங்கி வர வேண்டியிருந்தது. கடையில் கண்ணாடிக்கா பஞ்சம் என்று கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு இவ்வளவு நாள் ஓட்டிவிட்டேன், தலைவலிதான் மிச்சம். போய்ச் சைகை காட்டினேன், ஆபீஸ்காரர் முதல்வரிடம் சாவியை வாங்கி வந்து ஸ்டூடியோவைத் திறந்துவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். நான் வைத்த இடத்திலேயே, வைத்த சாய்விலேயே கண்ணாடி இருந்தது. லென்ஸ்மேல் விரலால் எழுதலாம் போலத் தூசி. எனக்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு ஆள் வரவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வரிசையாக மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் வைத்த பெரிய மேசை அது, ஒவ்வொரு குமிழுக்குக் கீழேயும் எழுத்து பளபளவென்று அச்சடித்தபடி இருந்தது. ஓரத்தில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நம் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினை நினைத்துப் பார், வாங்கிய வருஷமே ஸ்விட்சில் இருந்த எழுத்து என் கட்டைவிரலில் தேய்ந்துபோனது, எது ஆன் எது ஆஃப் என்று எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், தன் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பினால் வாசலில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கையில் பையோடு. அங்கே படிக்கிறவளாம், பாதிப் படிப்பு முடிந்துவிட்டதாம். வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு, “உள்ள உட்கார்ந்து பேசினீங்களாமே சார், எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். கட்டணம் கட்டிய பிள்ளை என்னிடம் கேட்கிறாள், வாயாடி. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. பதில் சொல்லக் குரலும் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள், ஒரு குமிழை மெதுவாக மேலே தள்ளினாள், கீழே இழுத்தாள். ஆபீஸ்காரர் வெளியிலிருந்தே என்ன சார், கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் உள்ளே வருவதற்குள் மூக்கில் இருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இல்லை என்று தலையாட்டிவிட்டு, குனிந்து மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தேன். அவரும் பாவம், கூடவே குனிந்து தேடினார். என் நடிப்புக்கு அந்தப் பள்ளியில் ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை. முடிந்த மட்டும் நேரத்தை இழுத்தேன், முட்டிதான் வலித்துவிட்டது.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். வீண்செலவா என்றால், எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒரு மாடியை, நீ சொல்வது இன்னொரு மாடி, அது நல்லதாகவும் இருக்கலாம். நீ போய்ப் பார். ஆனால் குரல் சோதனைக்கு உட்காராதே, உன் குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடு, அது எங்களுக்கே தெரியும், அதற்குக் கட்டணம் தேவையில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பு நடக்கிற நேரத்தில் போ. ஆபீஸில் கேட்காதே, படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் கேள், கடைசியாக எப்போது நீங்களாகவே அந்த மேசையில் உட்கார்ந்தீர்கள் என்று. உள்ளே போனதும் குமிழ்களைப் பார். எழுத்து தேய்ந்திருந்தால், நாற்காலி கிழிந்திருந்தால், யார் முதலில் உட்காருவது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், கட்டிவிடு. வேலையை விடு, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே, உன் அப்பன் சரி என்று சொல்லிவிட்டான். எழுத்து புதிதாக இருந்தால் அந்த மாடியை மட்டும் விடு, ஆசையை விடாதே, வேறு இடம் தேடுவோம். அதுவரை அந்த மன்னிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டே இரு, ஆனால் மனசில் போட்டுக்கொள்ளாதே, நீ யாருக்கும் ஒரு தப்பும் செய்யவில்லை. எதுவும் சரிவரவில்லையென்றால் வீட்டுக்கு வா, உன் அறையில் நான் அடுக்கியிருக்கிற உடைந்த ஃபிரேம் பெட்டிகளைப் பற்றிக் கவலைப்படாதே, நீ வருகிற அன்று கட்டில் காலியாக இருக்கும்.

இனி அந்த ஒரு நிமிஷம் என்ன பேசினேன் என்று சொல்கிறேன். உன் ஊர் வானிலையைப் பேசினேன். கடை ஷட்டரைத் தூக்கும் முன் போனில் முதலில் உன் ஊர் வானத்தைத்தான் பார்ப்பேன், நம் ஊருக்கு மழை வந்தால் நனைந்துதான் தெரிந்துகொள்கிறேன். அதனால் அதுதான் நாக்கில் இருந்தது. இன்று பிற்பகல் அங்கே மழை வரலாம், வேலைக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளவும், வராது என்று அடம்பிடித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ளவும், காலையில் சாப்பிடாமல் ஓடுகிறவர்கள் வெட்கப்படவும், என்று மூக்கடைப்போடு ஒரு நிமிஷம். நேற்று அம்மா அதைப் போட்டுக்காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அப்புறம், “குரல் ஒண்ணும் பெரிசா இல்லைங்க. ஆனா பிள்ளைக்கு அனுப்பிவிடுங்க” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திருகப் போய்விட்டாள், அது திருகினாலும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தோடு தம்பி அதையும் அனுப்புவான். இப்போதைக்கு என் குரல் என்று இருப்பது அது ஒன்றுதான், உன்னிடம் இருக்கட்டும்.

நினைத்தது கைகூடி, நீ நீயாகப் பேசி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், என்னைவிடச் சத்தமாக. வியாழக்கிழமை உன் பக்கம் மழை காட்டுகிறது, குடையை மறக்காதே.

இப்படிக்கு,
கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும்
உன் அப்பா