புயல்காற்று என்று ரேடியோ சொன்னது

அன்புள்ள அம்மாவுக்குப் பழமலை எழுதுவது. மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? நான் நலம்.

அப்பா இறந்ததைத் தம்பி போனில் சொன்னபோது ஸ்காட்லாந்துக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். காலையில் கரைக்குப் போய்விடலாம் என்றார் கேப்டன். ஆனால் ரேடியோவில் கடல் வானிலை வாசித்தார்கள். முதலில் ஒன்றும் விளங்காத அந்த இங்கிலீஷ் இப்போது எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கம் புயல்காற்று, இப்போதைக்குத் தணியாது. அதனால்தான் தம்பியிடம், "எனக்காக ஐஸ் பெட்டியில வச்சிருக்காதீங்க, நீயே கொள்ளி வச்சிடு" என்றேன். வர மனசில்லாமல் சொல்லவில்லை அம்மா.

மணிமுத்தாற்றங்கரையில் தம்பி மொட்டை போட்ட அன்று, கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் படகிலேயே எனக்கும் போட்டுவிட்டார். படகின் ஆட்டத்தில் லேசாகக் கீறியது, ஆறிவிட்டது. தலைதான் குளிர்கிறது. அப்பா செராமிக் சூளைக்குத் தலையில் கட்டிக்கொண்டு போன துண்டை அனுப்பச் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம்.

கேப்டன் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்
பழமலை