ஏழிலிருந்து ஒன்பது வரை போனை எடுக்கக் கூடாது

பீளமேடு, கோவை
18-8-1999

அன்புள்ள கண்ணு கிருபாசங்கருக்கு, அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பதறாதே, அப்பா உயிருக்கு ஆபத்து இல்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது அவர் பட்டறைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கலங்க வைக்க வேண்டாம் என்று மறைத்தோம். நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இப்படி ஆன அன்றைக்கும் உன் தங்கை பிரவீனா மாடியில் கம்ப்யூட்டர் முன்னால், நீ சிகாகோவில் உன் ஆபீசில். ஒரே திரையில் மேலே நீ அடிப்பதும் கீழே அவள் அடிப்பதுமாக நம் வீட்டுப் போன் லைன் வழியாகவே உங்கள் புரோகிராம் வேலை ஓடிக்கொண்டிருந்தது. முன்னே ஒரு நாள் நான் மறந்துபோய் உன் பெரியம்மாவிடம் பேசப் போனை எடுத்து, லைன் அறுந்து, செய்ததெல்லாம் வீணாகி அவள் அழுதாளே, அதற்கப்புறம் ஏழிலிருந்து ஒன்பது வரை எடுக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதிப் போன் மேலேயே ஒட்டிவிட்டாள். அப்பா ராத்திரி ஏழேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தார், கையில் இட்லி நிற்கவில்லை. நான் டாக்டருக்குச் சொல்லப் போன் மேல் கை வைத்துவிட்டேன். அவர் இடது கையால் என் சேலையைப் பிடித்து, "புள்ளைங்க வேலையில இருக்காங்க, அறுத்துப்போடாத. செத்த நேரம் படுத்தாச் சரியாப் போயிரும்" என்றார். நானும் கேட்டேன் பார். மாடிக்கு ஒரு சத்தம் கூடப் போடவில்லை. எட்டரைக்கு வாய் கோணியதும்தான் ஓடினேன், அப்போதும் போனைத் தொடாமல் பக்கத்து வீட்டு நஞ்சுண்டனிடம். அவர் காரில்தான் கொண்டு போனோம். உடனே வந்திருந்தால் இவ்வளவு தூரம் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

தன்னால்தான் என்று பிரவீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரைப் போர்வை போட்டு மூடிவிட்டாள், உன்னிடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொன்னதும் அதனால்தான். தப்பு அவளுடையது இல்லை கண்ணு, உன்னுடையதும் இல்லை, என் புத்திதான் அன்றைக்கு மழுங்கிவிட்டது. அப்பாவோ அந்தக் குழறலோடு, புள்ளைங்க ஏன் சேர்ந்து வேலை செய்யறதில்லை என்று தினமும் கேட்கிறார். மாடியில் டைப் அடிக்கிற சத்தம் கேட்டால் நீயும் மேலேதான் இருக்கிறாய் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நீ தங்கையிடம் கோபமில்லாமல் பேசு, அவளை மறுபடி உட்கார வை. லீவு கிடைத்தால் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ. வேளைக்குச் சாப்பிடு.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன் மேல் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இனிமேல் வேலை நடுவில் லைன் அறுந்தால் அம்மாதான் எடுத்தாள் என்று தெரிந்துகொண்டு, என்ன ஆச்சு என்று வீட்டுக்குக் கூப்பிடு.

இப்படிக்கு உன் அம்மா,
சாந்தாமணி