மூன்றாம் நாள் விரிப்புகள்

மார்ச் 4
மகள் இறந்துபோய் ஒன்றரை மாதம். அவள் கட்டில் விரிப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யார் யார் துணியோ துவைத்தவளுக்கு இந்த ஒன்றில் கை வைக்க முடியவில்லை.

மார்ச் 9
அவளுடைய பேராசிரியை வந்தார். இருபது வருஷத்துக்கு முன் எங்கள் சலவைக்கூடத்தில் நடந்த பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தத்தைப் பற்றி மகள் எழுதிய கட்டுரையைத் தொழிலாளர் வரலாற்றுப் பரிசுக்கு அனுப்பலாமாம். மாணவர்களுக்காக வருஷா வருஷம் கொடுப்பதாம்.
“ஒரே ஒரு இடம்தாம்மா பாக்கி. ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கா, பாருங்க.”
எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘பன்னிரண்டு நாளும் யாரும் உள்ளே போகவில்லை என்கிறாள் அம்மா. மூன்றாம் நாள் மடித்த விரிப்புகள் வார்டுக்கு வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. மடித்தது யார்? அம்மாவிடம் திரும்பக் கேட்க வேண்டும்.’
தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 10
ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15
அவளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கருங்காலி என்று பெற்ற பிள்ளை நினைக்கவா? — ஆனா அவளுக்காகத்தானே போனேன்! அப்போ அவ பத்து மாசக் குழந்தை, எங்க ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சலோட வெறும் ரப்பர் மெத்தையில கெடந்தா. பின்வாசல் வழியாகப் போனோம். குழந்தைகள் வார்டுக்கு மட்டும்தான் துவைத்தோம்.
பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இன்னொருத்தி யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 16
பேராசிரியை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன், நான் மட்டும்தான் என்று.
“இதனால அவளுக்குப் பரிசு இல்லாம போயிடுமா?”
“தெரியலம்மா. ஆனா அவ கேட்டதுக்குப் பதில் கெடச்சிருச்சு.”

மார்ச் 20
கீச்சு வந்து வாசலில் நின்றாள். வேலையில் விரிப்பு மடிக்கும்போது எனக்கு எதிர்முனை பிடித்தவள். மெஷின் சத்தத்தையும் தாண்டும் தொண்டை.
“டீச்சரம்மா என்கிட்டயும் கேட்டாங்க. நீ ஒத்தையா மடிச்சியாமே? அந்தப் பக்கம் புடிச்சது காத்தா, சொல்லுடி?”
“உன்ன எதுக்கு இழுக்கணும்னுதான்...”
“நல்லா இழுக்காம விட்ட! என் பேரையும் போடச் சொல்லிட்டேன். முழுப் பேரு. கீச்சுன்னு போட்டுத் தொலைச்சிடப் போறாங்க.”
சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ஆகஸ்ட் 2
பரிசு மகளுக்குத்தான். மேடையில் நான் வாங்கினேன். அச்சிட்ட கட்டுரையில் அவளுடைய பென்சில் கேள்வியை அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

ஆகஸ்ட் 3
காலையில் அவள் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். சாயங்காலம் கீச்சு வந்தாள். ஒன்றும் கேட்காமல் எதிர்முனையைப் பிடித்துக்கொண்டாள்.