உப்பும் மிளகும்

வில்லியனூர்,
18-3-1969

அன்பும் மரியாதையும் உள்ள என் கணவருக்கு, செலின் மேரி எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். பிரான்சில் உங்கள் பட்டாளத்தில் குளிர் குறைந்ததா? கிரேஸுக்குப் பல் முளைக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

தேர்தலில் மாமாவின் கட்சி தோற்றுவிட்டது. ஆட்சியே மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்ததைத்தான் எழுதக் கூசுகிறது.

நம் களத்துமேட்டில் குடிசை போட்டிருந்த அய்யனாரும் வேலம்மாளும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூரையில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டினார்கள் என்று, தேர்தலுக்கு முன்பே மாமா அவர்களைக் கிளப்பிவிட்டார். கைக்குழந்தையோடு ஊர்ச் சாவடியில் கிடக்கிறார்கள்.

முடிவு வந்த மறுநாள் ஜெயித்தவரின் ஜீப் நம் தெருவுக்குள் வந்தது. மாமா கதர்த் துண்டை உள்ளே எறிந்துவிட்டு மாலையோடு வாசலுக்கு ஓடினார். கொண்டாட்டம் கூடாத தபசு காலம் என்றுகூடப் பார்க்காமல் வெடி வேறு. என் கையில் ஒரு தட்டைத் திணித்து, போடும்மா போடு என்று அவசரப்படுத்தினார். குனிந்து பார்த்தால் உப்பும் மிளகும். மாதா தேர் வரும்போது நேர்ந்துகொண்டு போடுவதை ஜீப் மேல் போடச் சொல்கிறார். போட்டேன். ஜீப்பில் இருந்தவர்கள் திருஷ்டி கழிக்கிறோம் என்று நினைத்துச் சிரித்தார்கள். பின்னால் கொடி பிடித்து வந்த அய்யனார் சிரிக்கவில்லை. தலையில் விழுந்த மிளகைக்கூடத் தட்டிவிடாமல், என் முகத்தைப் பார்க்காமல் போனார். தெருவே பார்த்தது. இப்போது கோயிலுக்குப் போனால் மாதாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

குடிசையைக் கிளப்பிய விஷயம் ஜெயித்தவர் காதுக்குப் போவதற்குள் அய்யனார் குடும்பத்தைக் கூட்டி வா என்று மாமா என்னையே அனுப்பினார். போனேன். வேலம்மாள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "இன்னாம்மா, நாங்க தோத்திருந்தா வந்து கூப்ட்டிருப்பியா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

களத்துமேடு உங்கள் பேரில்தானே இருக்கிறது. குடிசை இருந்த இடத்தை அவர்களுக்கே எழுதித் தருகிறேன் என்று அய்யனார் பேருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நம் வீட்டு விலாசம் வேண்டாம், மாமா பிரித்துவிடுவார். சாவடி என்று எழுதினால் தபால்காரர் கொடுத்துவிடுவார். மாமா என்னை ஏசினால் ஏசட்டும்.

மாதா உங்களைக் குறையில்லாமல் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என் அப்பா கட்சி ஜெயித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பாயா என்று நீங்களும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செலின் மேரி