டிஸ்க் நல்லாத்தான் இருக்கு

யோகேஷ்,

லேப்ல போனை லாக்கர்ல வெச்சிடுறீங்க, அதான் இந்தச் சீட்டு. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் இருமல் சிரப் டெஸ்ட் ரிப்போர்ட்டெல்லாம் அழிஞ்சுடுச்சுன்னு ஜீடிமெட்லாவில உங்க ஆபீஸ்ல சொல்லியிருக்கீங்க. வீட்ல இருக்கிற உங்க லேப்டாப்பை ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன். டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. ரிப்போர்ட்டெல்லாம் ரீசைக்கிள் பின்ல கிடக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அழிச்சிருக்கு. அப்போ லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தது நீங்கதான். எல்லாத்துலயும் 'ஃபெயில்'னு இருக்கு.

சாம்பார் அடுப்பு மேல. சாவி கமலா அக்கா வீட்ல. பானுவை ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போறேன்.

சாஹித்யா

செருப்பு போடும்போதுதான் உறைச்சுது. பானு இருமலுக்குன்னு போன வாரம் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தீங்களே, அந்த சிரப் பாட்டில்லயும் ஃபெயில் ஆன ரிப்போர்ட்ல இருக்கிற அதே பேட்ச் நம்பர். மூணு நாளா குடுத்திருக்கேன். நேத்து சாயங்காலத்திலிருந்து அவ ஒண்ணுக்கே போகலையாம். ஸ்கூலுக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர்கிட்ட காட்ட லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போறேன்.